சுவைஞர் படைப்பாளராதல்: ஸ்லாஷும் பின்பால் இயந்திரமும்

தோற்றுவாய்

கலையை ஆக்குவோர், கலையைத் துய்ப்போர் என இரு சாராரைப் பிரித்துப் பேசுவது திறனாய்வுலகின் வழக்கம். ஆக்குவோர் முன்னும் துய்ப்போர் பின்னுமாக நிற்பது போன்ற தோற்றத்தை இப்பகுப்பு தந்துவிடுகிறது. கலை வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். ஒரு கலைவடிவம் நலிவுறும் காலத்தில் அதனைக் காத்து நிற்பவர் பெரும்பாலும் துய்ப்போரே. அவருள் சிலர் துய்த்தலின் எல்லையில் நின்றுவிடாது ஆக்கத்தினுள்ளும் அடியெடுத்து வைக்கின்றனர். இவ்வுண்மையை விளக்கப் பெருங்காப்பியம் ஒன்றையோ பேரோவியம் ஒன்றையோ சான்றாகக் கொள்ளலாம். இக்கட்டுரை கொள்ளும் சான்று அத்தகைய பெருமை பெற்றதன்று. மதுக்கடை மூலைகளிலும் கேளிக்கைக் கூடங்களிலும் சில்லறைக் காசுக்கு ஆடப்பட்ட அமெரிக்க மரப்பெட்டி விளையாட்டு ஒன்றே அது.

அதன் பெயர் பின்பால். ‘பின்’ என்பது சிற்றாணியையும் ‘பால்’ என்பது பந்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்; ‘ஆணிப்பந்து’ எனத் தமிழாக்கிக்கொள்ளலாம். இவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்டு, இயந்திரங்களைத் தேடிச் சேர்த்து, பின்னர் இரண்டு இயந்திரங்களின் வடிவமைப்பிலும் பங்கேற்றவர் ‘கன்ஸ் அண்ட் ரோஸஸ்’ என்னும் ராக் இசைக்குழுவின் கிதார்க் கலைஞர் ஸ்லாஷ். புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஒருவரின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு ஒதுக்காமல், இழிந்ததாகக் கருதப்பட்ட ஓர் ஆட்டத்தின் வரலாற்றில் வைத்து அவ்வீடுபாட்டைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் அமைப்பு

முதலில் இயந்திரத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். நான்கு கால்கள் மீது நிற்கும் நீண்ட பெட்டி. அதன்மேல் கண்ணாடி மூடிய சாய்தளம். சாய்வு ஏறத்தாழ ஆறரைப் பாகை. ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உடைய எஃகுப் பந்தினை, விற்சுருள் பொருந்திய உந்துகோலால் ஆட்டக்காரர் மேல்நோக்கிச் செலுத்துகிறார். சென்ற பந்து இலக்குகளில் மோதியும், மோதியதைத் திருப்பி உதைக்கும் ‘பம்பர்’களால் அலைக்கழிக்கப்பட்டும், வளைபாதைகளில் ஏறி இறங்கியும் கீழே வரும். அடிப்புறத்தே ‘ஃபிளிப்பர்’ எனப்படும் இரு சிறு துடுப்புகள் உள்ளன. பெட்டியின் பக்கங்களில் உள்ள பொத்தான்களை அழுத்தினால் அவை துள்ளிப் பந்தை மீண்டும் மேலே அனுப்பும். துடுப்புகளுக்கு இடையே உள்ள வெளியில் பந்து வீழ்ந்தால் அப்பந்தின் ஆட்டம் முடிந்தது.

பெட்டியைச் சற்றே தட்டியும் அசைத்தும் பந்தின் போக்கை மாற்றுவது தேர்ந்த ஆட்டக்காரரின் கைவண்ணம். அளவு மீறிக் குலுக்கினால், உள்ளே வளையமொன்றின் நடுவே தொங்கும் ஊசல்குண்டு அவ்வளையத்தைத் தொட்டு மின்சுற்றை நிறைவுசெய்யும்; துடுப்புகள் செயலிழக்கும்; பந்து கைவிட்டுப் போகும். இதற்கு ‘டில்ட்’ என்பது பெயர். அசைவுக்கு இடம் உண்டு, அத்துமீறலுக்கு இல்லை என்னும் இவ்விதி, யாப்பின் வரம்புக்குள் ஓசையை நெகிழ்த்தும் கவிஞர்க்குப் புதிதாகத் தோன்றாது. புவியீர்ப்பு ஓயாது கீழே இழுக்கின்றது. பந்து என்றேனும் விழுந்தே தீரும். விழும்வரை எத்துணை நேரம் எத்துணை அழகாக அதனை மேலே நிறுத்துவது என்பதே ஆட்டம்.

தோற்றமும் வளர்ச்சியும்

இவ்விளையாட்டின் முன்னோடி பிரான்சு நாட்டைச் சார்ந்தது. பதினாறாம் லூயி மன்னரின் இளவலான ஆர்த்வாக் கோமகன், அரசி மரி அந்த்துவானெத்துடன் பந்தயம் கட்டி, 1777ஆம் ஆண்டில் இரண்டு மாதங்களுக்குச் சற்றே மிகுந்த காலத்துள் பாரிஸ் நகரின் புறத்தே ஒரு சிறு மாளிகையைக் கட்டி முடித்தார். பகாதெல் என்னும் அம்மாளிகையின் பெயராலேயே, ஆணிகள் அறைந்த சாய்பலகையில் பந்துகளை உருட்டும் மேசை விளையாட்டும் வழங்கலாயிற்று என்பர். பந்தயத்தில் எழுந்த மாளிகையின் பெயரைத் தாங்கிய விளையாட்டு, பின்னாளில் பந்தயப் பொருள் என்னும் பழியாலேயே நெடுங்காலம் ஒடுக்கப்பட்டது வரலாற்றின் விளையாட்டு எனலாம்.

1871ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரில் வாழ்ந்த மொண்டேகு ரெட்கிரேவ் என்பார், பந்தைச் செலுத்த விற்சுருள் உந்துகோலை அமைத்துக் காப்புரிமை பெற்றார். 1931இல் சிக்காகோவின் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட ‘பாஃபிள் பால்’ என்னும் மேசை, கடைதோறும் வைக்கத்தக்க சிற்றளவினதாய் இருந்தமையால் பெருவழக்குப் பெற்றது. அது அமெரிக்காவைப் பொருளியல் நெருக்கடி வாட்டிய காலம். வேலையிழந்தவர் கையிலும் எஞ்சியிருந்த ஒரு சென்ட் காசுக்குச் சில நிமிட நேர மறதியை இப்பெட்டி வழங்கியது. அப்போது அதில் துடுப்புகள் இல்லை. பந்தைச் செலுத்தியபின், பெட்டியைத் தட்டுவதன்றி ஆட்டக்காரர்க்குச் செய்யத்தக்கது வேறொன்றும் இல்லை.

1947இல் அதே நிறுவனத்தின் ஹாரி மாப்ஸ் வடிவமைத்த ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்னும் இயந்திரத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு துடுப்புகள் முதன்முதலாக இடம்பெற்றன. 1948இல் ஜென்கோ நிறுவனத்தின் ஸ்டீவ் கோர்டெக், இரண்டே துடுப்புகளை ஆடுகளத்தின் அடியில் வைத்து, இன்றுவரை நிலைத்த அமைப்புக்கு வழிகோலினார். இது சிறிய மாற்றமன்று. தற்செயலின் கையில் இருந்த பந்து மனிதனின் கைக்கு வந்தது. விளையாட்டின் தகுதி பற்றிய பெரும் வழக்குக்கு இத்துடுப்புகளே பிற்காலத்தில் சான்றாக நின்றன.

சூதா, திறனா?

தமிழில் சூது என்பது வேறு, விளையாட்டு என்பது வேறு. இரண்டுக்கும் ‘ஆட்டம்’ என்னும் பொதுச்சொல் பொருந்துமாயினும் முன்னதைப் பழித்தும் பின்னதைப் போற்றியும் நம் நூல்கள் பேசும். பின்பால் இவ்விரண்டனுள் எதனைச் சாரும் என்னும் வினா அமெரிக்க நகராட்சிகளை அரைநூற்றாண்டளவு அலைக்கழித்தது.

நியூயார்க் நகர மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா, பின்பால் சிறுவர்களின் காசைப் பறிக்கும் சூதுப்பொறி என்றும், கொள்ளைக் கூட்டத்தார்க்கு வருவாய் ஈட்டித் தருவது என்றும் கருதினார். 1942ஆம் ஆண்டு சனவரியில் அந்நகரில் தடை வந்தது. காவலர் ஆயிரக்கணக்கான இயந்திரங்களைக் கைப்பற்றினர். செய்தியாளர் முன்னிலையில் மேயரே சம்மட்டியால் அவற்றை உடைத்த காட்சி நிழற்படங்களாக எஞ்சியுள்ளது. லாஸ் ஏஞ்சலஸ், சிக்காகோ முதலிய நகரங்களிலும் தடை நிலவியது. இயந்திரங்களைச் செய்து உலகெங்கும் அனுப்பிய சிக்காகோவிலேயே அவற்றை ஆடத் தடை இருந்தது என்பது எண்ணத்தக்கது.

தடை நீங்கிய முறை மேலும் சுவையானது. 1974இல் கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 1976இல் நியூயார்க் நகர மன்றத்தின் குழு முன்னர், இதழாளரும் தேர்ந்த ஆட்டக்காரருமான ரோஜர் ஷார்ப் தோன்றினார். மன்றத்திலேயே ஓர் இயந்திரத்தில் ஆடிக் காட்டினார். உந்துகோலை இழுக்குமுன், பந்து இன்ன பாதை வழியே இறங்கும் எனச் சுட்டிக் கூறினார், அவ்வாறே இறங்கியது. திறன் விளையாட்டே என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டியிருக்கவில்லை. நியூயார்க்கில் 34 ஆண்டுத் தடை அவ்வாண்டில் முடிவுற்றது.

ஷார்ப் அதனோடு அமையவில்லை. 1977இல் பின்பாலின் வரலாற்றைப் பற்றி நூல் எழுதினார். 1979இல் கேம் பிளான் நிறுவனம் வெளியிட்ட ‘ஷார்ப்ஷூட்டர்’ என்னும் இயந்திரத்தை வடிவமைத்தார். ஆடியவர் அதன் வரலாற்றாசிரியராகி, பின் வடிவமைப்பாளரும் ஆனார். ஸ்லாஷ் நடந்த வழியில் அவருக்கு முன்னரே ஒருவர் நடந்திருக்கிறார் என்பதை இங்குக் குறித்துவைத்தல் தகும்.

கண்ணாடியின் மேல் இசைக்கலைஞர்

ராக் இசைக்கும் பின்பாலுக்கும் உறவு ஏற்பட்டது 1969இல். ‘தி ஹூ’ என்னும் ஆங்கிலேய இசைக்குழுவின் பீட் டவுன்ஷென்ட் ‘டாமி’ என்னும் இசைத்தொடரை இயற்றிக்கொண்டிருந்தார். பார்வையும் செவிப்புலனும் பேச்சும் இழந்த சிறுவன் ஒருவனே அதன் தலைவன். பின்பாலில் பித்துக்கொண்டிருந்த இசைத்திறனாய்வாளர் நிக் கோன் என்பாரின் மனங்கவர வேண்டி, அச்சிறுவனைப் பின்பால் ஆட்டத்தின் வித்தகனாக்கிப் ‘பின்பால் விசார்ட்’ என்னும் பாடலை டவுன்ஷென்ட் சேர்த்தார். ஒரு திறனாய்வாளரின் சுவை ஒரு படைப்பின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சி இது. தொடுவுணர்வும் அதிர்வும் மட்டுமே துணையாக ஆடும் அச்சிறுவனின் படிமம் பின்பாலுக்கு ஒரு தொன்மத்தை வழங்கியது.

1975இல் ‘டாமி’ திரைப்படமாயிற்று. அவ்வாண்டிலேயே பாலி நிறுவனம் அப்படத்தைச் சார்ந்து ‘விசார்ட்’ என்னும் இயந்திரத்தை வெளியிட்டது. படத்தில் அப்பாடலைப் பாடி நடித்த எல்டன் ஜானின் உருவம் தாங்கிய ‘கேப்டன் ஃபெண்டாஸ்டிக்’ 1976இல் வந்தது. அவ்வியந்திரம் 16,000க்கும் மேற்பட்டு விற்பனையாயிற்று. 1979இல் ‘கிஸ்’ குழுவின் பெயரிலும், 1980இல் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ பெயரிலும் பாலி நிறுவனம் இயந்திரங்களைச் செய்தது.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இசைக்கலைஞரின் உருவம் இயந்திரத்தின் தலைப்பகுதிக் கண்ணாடியில் ஒளிரும். உள்ளே பந்து ஓடும் பாதைகளுக்கும் அவருக்கும் தொடர்பு சிறிது. பெயரை வழங்கி உரிமைத்தொகை பெறுவதோடு கலைஞரின் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடும். நூலின் முகப்பில் படம் அச்சிடப்பெற்ற புரவலர், அந்நூலின் செய்யுளுக்கு ஆசிரியர் ஆகாமை போன்றது அது.

ஸ்லாஷ்

சால் ஹட்சன் என்னும் இயற்பெயருடைய ஸ்லாஷ் 1965ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். இளமையின் தொடக்கத்தை இங்கிலாந்தில் கழித்தபின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வளர்ந்தார். தாய் ஓலா ஹட்சன், டேவிட் போவி முதலிய இசைக்கலைஞர்களுக்கு ஆடை வடிவமைத்தவர். தந்தை ஆந்தனி ஹட்சன், ஜோனி மிட்செல் முதலியோரின் இசைத்தட்டு உறைகளுக்கு ஓவியம் தீட்டியவர். ஒலிக்கு உருவம் கொடுப்பதே பெற்றோர் இருவரின் தொழிலாக இருந்தது. மகனும் கிதாரைத் தொடுமுன் ஓவியம் வரைந்தவர். பின்னாளில் ஓர் இயந்திரத்தின் உள்ளமைப்பைச் சிந்திக்கப்போகும் ஒருவருக்கு இப்பின்புலம் பொருத்தமானதே.

கலிஃபோர்னிய நீதிமன்றம் தடையை நீக்கிய 1974இல் அவர் ஒன்பது வயதுச் சிறுவர். தந்தையர் தலைமுறைக்கு மறுக்கப்பட்ட விளையாட்டு வெளிச்சத்துக்கு வந்த காலமும், அவருடைய சிறுவயதும் ஒன்றாக அமைந்தன. 1970களின் பிற்பகுதியில் வளர்ந்த இளைஞர்க்குக் கிதாரின் முழக்கமும் பின்பாலின் மணியொலியும் ஒரே மாலைப்பொழுதின் இரு ஓசைகள்.

1985இல் லாஸ் ஏஞ்சலஸில் உருவான கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவில் அவர் இணைந்தார். 1987இல் வெளிவந்த அதன் முதல் இசைத்தட்டுத் தொகுதி உலகப் புகழ் ஈட்டிற்று. 1991இல் இரு தொகுதிகள் ஒரே நாளில் வெளிவந்தன. செல்வமும் புகழும் வாய்த்தபோது அவர் தேடிச் சேர்த்த பொருள்களுள் பின்பால் இயந்திரங்களும் இருந்தன.

பின்பால் இயந்திரத்தைச் சேகரித்தல் அஞ்சல்தலை சேகரித்தல் போன்றதன்று. ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கும் மிகுந்த எடையுடையது. ஓர் அறையின் பகுதியை அடைத்துக்கொள்வது. ஒன்றனுள் நூற்றுக்கணக்கான மின்விளக்குகள், தொடுவிசைகள், ரப்பர் வளையங்கள், ஒன்றோடொன்று பின்னிய கம்பித்திரள்கள் உள்ளன. ரப்பர் இறுகும், விளக்கு அணையும், தொடுவிசை கறுக்கும், ஆடுகளத்தில் தூசு படிந்தால் பந்தின் ஓட்டம் தளரும். ஆடப்படாத இயந்திரம் ஓராண்டில் நோயுறும். சேர்த்தவர் அதனைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். திறந்து பார்ப்பவர், இவ்விலக்கு ஏன் இவ்விடத்தில் உள்ளது, இவ்வளைவு ஏன் இத்துணைச் செங்குத்தானது என வினவத் தொடங்குவார். ஏட்டுச்சுவடியைக் கையில் எடுத்துப் படியெடுப்பவர்க்கு அதன் சொல்லமைதி புலப்படுவது போன்றதே இது. சேகரிப்பு இவ்வாறு ஒரு கல்வியாக அமைகிறது.

கிதார்க் கலைஞருக்கு இக்கல்வியில் இயல்பான ஓர் அணுக்கமும் உண்டு. மின்கிதாரின் கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதனைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பியும் உள்ளன. நரம்பு அதிர்ந்தால் அச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அதுவே பெருக்கப்பட்டு இசையாகும். பின்பாலின் துடுப்புக்கு அடியிலும் செப்புக்கம்பிச் சுருளே உள்ளது. அங்கு மின்னோட்டம் பாய்ந்தால் சுருளுக்குள் இருக்கும் இரும்புத்தண்டு உள்ளிழுக்கப்பட்டுத் துடுப்பு துள்ளும். அசைவு மின்னாவது கிதாரில்; மின் அசைவாவது பின்பாலில். இரண்டும் ஒரே மின்காந்த நெறியின் இரு முகங்கள். இரண்டிலும் விரலின் காலக்கணிப்பே கலையாகிறது. நொடியின் சிறு கூறு பிந்தினாலும் சுரம் பிசகும், பந்து நழுவும்.

கண்ணாடியின் கீழ்: 1994

டேட்டா ஈஸ்ட் நிறுவனம் ஒலியமைப்பில் கருத்துச் செலுத்திய நிறுவனம். 1987இல் அது வெளியிட்ட தன் முதல் பின்பாலிலேயே ஸ்டீரியோ ஒலியைக் கொணர்ந்தது. அந்நிறுவனமே 1994இல் ‘டாமி’ கதையைத் தழுவி ஓர் இயந்திரத்தைச் செய்தது. பார்வையற்ற சிறுவனின் ஆட்டத்தை ஆட்டக்காரரும் உணருமாறு, துடுப்புகளை மறைக்கும் திரை ஒன்றை அதில் அமைத்திருந்தனர். அதே ஆண்டில் வந்த மற்றோர் இயந்திரம் ‘கன்ஸ் அண்ட் ரோஸஸ்’. அதன் வடிவமைப்பில் ஜான் போர்க் என்னும் தொழில்முறை வடிவமைப்பாளரோடு ஸ்லாஷும் பங்கேற்றார்.

இப்பங்கேற்பின் தடங்களை இயந்திரத்திலேயே காணலாம். வழக்கமாக ஒரே உந்துகோல் இருக்கும் இடத்தில் இதில் இரண்டு உள்ளன. ஒன்று துப்பாக்கி வடிவினது. மற்றொன்று ரோஜா வடிவினது. குழுவின் பெயரில் உள்ள இரு சொற்களும் ஆட்டக்காரரின் இரு கைகளுக்குரிய கருவிகளாயின. பந்து ஓடும் கம்பிப்பாதைகள் குழுவின் பெயரெழுத்துகளாக வளைந்துள்ளன. பாம்புகளை விரும்பி வளர்த்த ஸ்லாஷின் நினைவாகப் பாம்புக்குழி ஒன்றும் ஆடுகளத்தில் இடம்பெற்றது. உருவகம் என்பது பொருளின்மேல் ஒட்டிய அணியாக நில்லாது, பொருளின் செயலாகவே மாறும்போது சிறக்கும் எனக் கவிதையியலில் பேசுகிறோம். பெயரைக் கண்ணாடியில் எழுதுதல் அணி. அப்பெயரைப் பற்றி இழுத்தால்தான் ஆட்டமே தொடங்கும் எனச் செய்தல் செயல்.

மற்றொரு செய்தியும் ஆய்வாளர்க்கு உவப்பளிப்பது. குழுவின் இசைத்தட்டுகளில் அதுவரை வெளிவராத ஒரு பாடல் இவ்வியந்திரத்தின் ஒலியில் இடம்பெற்றிருந்தது. முழுநூல் கிட்டாத நிலையில் உரையாசிரியரின் மேற்கோளால் மட்டும் நாம் அறியும் செய்யுள்கள் பல. அவ்வாறே, தட்டில் ஏறாத பாடலொன்று கேளிக்கைக்கூடத்துப் பெட்டியொன்றின் உள்ளே இரசிகர்க்கு அறிமுகமாயிற்று.

இவ்வியந்திரங்கள் ஏறத்தாழ 3000 செய்யப்பட்டன என்பது கணக்கு. 1992இல் பாலி பெயரில் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,270 விற்றதை நோக்க இது சிறிய எண்ணே. காலமும் வாய்ப்பாக அமையவில்லை. குழுவின் நெடும்பயணம் 1993ஆம் ஆண்டு சூலையில் புவெனஸ் ஐரிஸ் நகரில் முடிவுற்றிருந்தது. ஸ்லாஷும் பாடகர் ஆக்சல் ரோஸும் ஒரே மேடையில் மீண்டும் நிற்க 23 ஆண்டுகள் ஆகும் என்பது அன்று எவர்க்கும் தெரியாது. 1996இல் ஸ்லாஷ் குழுவை விட்டு நீங்கினார். இயந்திரத்தின் கண்ணாடிக்குக் கீழ் மட்டும் குழு பிரியாமல் பாடிக்கொண்டிருந்தது.

நலிவுக்காலமும் காத்தோரும்

பிரிவு இசைக்குழுவுக்கு மட்டும் நேரவில்லை; பின்பாலுக்கும் நேர்ந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் மின்னணு விளையாட்டுகள் பெருகின. பராமரிப்புச் செலவு மிகுந்த பின்பாலைக் கடைக்காரர் விரும்பவில்லை. டேட்டா ஈஸ்ட் நிறுவனத்தின் பின்பால் பிரிவு 1994இலேயே செகா நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1999ஆம் ஆண்டு அக்டோபரில், துறையின் பெருநிறுவனமான வில்லியம்ஸ் பின்பால் தயாரிப்பையே நிறுத்தியது. செகாவின் பிரிவைக் கேரி ஸ்டெர்ன் என்பார் அவ்வாண்டில் வாங்கி ஸ்டெர்ன் பின்பால் நிறுவனத்தை நடத்தினார். அடுத்துச் சில ஆண்டுகள் குறிப்பிடத்தக்க அளவில் இயந்திரம் செய்தது அந்நிறுவனம் ஒன்றே. முன்னர்ப் பல நிறுவனங்கள் போட்டியிட்ட தொழில் ஒரே விளக்காகச் சுருங்கிற்று.

அவ்விளக்கு அணையாமைக்குக் காரணம் யாது? கூடங்கள் வெளியேற்றிய இயந்திரங்களைச் சேகரிப்பாளர் வாங்கித் தம் வீடுகளில் வைத்தனர். பழுது நீக்கும் முறையை ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். கிட்டாத உறுப்புகளை மீண்டும் செய்யச் சிறு தொழிலகங்கள் தோன்றின. புதிய இயந்திரங்களை வாங்குவோருள் கடைக்காரரினும் வீட்டில் வைத்து ஆடுவோர் மிகுந்தனர். இச்சுவைஞர் கூட்டத்தை நம்பியே, பழுதுநீக்குநராகத் தொடங்கி இயந்திரங்களை விற்பனை செய்துவந்த ஜாக் குவார்னியெரி 2011இல் நியூ ஜெர்சியில் ‘ஜெர்சி ஜாக் பின்பால்’ நிறுவனத்தைத் தொடங்கினார். தொழில் துய்ப்போரை உருவாக்கிய நிலை மாறித் துய்ப்போர் தொழிலை உருவாக்கிய நிலை வந்தது.

மீட்சியில் ராக் இசைக்குப் பங்குண்டு. ஸ்டெர்ன் நிறுவனம் 2012இல் ‘ஏசி/டிசி’, 2013இல் ‘மெட்டாலிகா’, 2017இல் ‘ஏரோஸ்மித்’, 2018இல் ‘அயன் மெய்டன்’, 2022இல் ‘ரஷ்’ எனத் தொடர்ந்து இசைக்குழுக்களின் பெயரில் இயந்திரங்களை வெளியிட்டது. இவற்றுள் மெட்டாலிகா, ஏரோஸ்மித், ரஷ் ஆகிய மூன்றையும் வடிவமைத்தவர், 1994இல் ஸ்லாஷுடன் பணியாற்றிய அதே ஜான் போர்க்.

இரண்டாம் இயந்திரம்: 2020

2016ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்லாஷ் கன்ஸ் அண்ட் ரோஸஸ் மேடைக்குத் திரும்பினார். ‘இப்பிறவியில் இல்லை’ என்னும் பொருள்படும் பெயரிட்ட அவ்விசைப்பயணம் 2019வரை உலகைச் சுற்றியது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில், பெருந்தொற்றால் மேடைகள் மூடிக்கிடந்த வேளையில், அப்பயணத்தை மையமாகக் கொண்ட பின்பால் இயந்திரத்தை ஜெர்சி ஜாக் நிறுவனம் வெளியிட்டது. எரிக் மியூனியர் என்னும் வடிவமைப்பாளரோடு இணைந்து அதனை வடிவமைத்தவர் ஸ்லாஷ். 26 ஆண்டு இடைவெளியில், ஒரே இசைக்குழுவைப் பற்றிய இரு இயந்திரங்களில் ஒரே கலைஞரின் கைபட்டது அரிய நிகழ்ச்சி.

இரண்டையும் ஒப்பிட்டால் வளர்ச்சி விளங்கும். முன்னதில் இசை ஆட்டத்துக்குப் பின்னணி; புள்ளிகளால் ஆன சிறு திரையில் உருவங்கள் அசைந்தன. பின்னதில் தலைப்பகுதியில் பெரிய வண்ணத்திரை. அதில் மேடைக் காட்சிகள். குழுவின் மூல ஒலிப்பதிவுகள். ஒவ்வொரு பாடலுக்கும் தனித்தனி ஒளிக்கோலம். ஆட்டக்காரர் ஓர் இசை நிகழ்ச்சியை நடத்துபவர் ஆகிறார். பாடலைத் தேர்ந்து, பந்தால் அதனைத் தொடங்கி, அது முடியும்வரை பந்தை இழக்காமல் காக்க முயல்கிறார். ஆட்டத்தின் கால அளவும் பாடலின் கால அளவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. மேடைகள் மௌனமாகியிருந்த ஆண்டில், மேடையின் வடிவத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தமை அதற்கு ஒரு தனி உருக்கத்தை அளித்தது.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் ஆய்வு நேர்மை. ‘சேகரிப்பாளர் பதிப்பு’ என எண்ணிக்கை வரையறுத்து விற்கும் முறை பின்பாலில் வேரூன்றிவிட்டது. இவ்வியந்திரத்திலும் அத்தகைய பதிப்பு 500 மட்டுமே. வேலையிழந்தவர் ஒரு சென்ட் காசுக்கு ஆடிய பெட்டி, பல்லாயிரம் டாலர் கொடுப்பவரின் மாளிகைக்குள் புகுந்தது. காத்தவரே கதவடைப்பவர் ஆகும் இடர் எல்லாச் சேகரிப்பிலும் உள்ளது. பெட்டகத்தில் பூட்டிய சுவடி கறையானுக்குத் தப்பலாம். படிப்பாரற்ற நிலைக்குத் தப்பாது. ஆடப்படும் இடம் ஏதேனும் ஊரின் பொதுக்கூடத்தில் இருக்கும்வரையில்தான் பின்பால் விளையாட்டு. இல்லையேல் அது அறைகலன்.

இந்த இடர்ப்பாட்டினிடையே ஸ்லாஷின் பணியை மதிப்பிட வேண்டும். அவர் தம் இயந்திரங்களைச் சேர்த்ததோடு நின்றிருந்தால், செல்வர் பலருள் ஒருவராகவே எஞ்சியிருப்பார். பெயரை மட்டும் வழங்கியிருந்தால், கண்ணாடியில் ஒளிரும் உருவம் பலவற்றுள் ஒன்றாயிருப்பார். பிறர் செய்ததை ஆடிப் பெற்ற அறிவை, பிறர் ஆடுவதற்குரிய புதியதொன்றாக அவர் திருப்பிக் கொடுத்தார். அதுவும் தனித்து நின்று அன்று. துறையறிந்த வடிவமைப்பாளர் ஒருவரின் அருகிலமர்ந்து, அவர் பெயருடன் தம் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். மேடையில் முதன்மை பெற்ற ஒருவர் பட்டறையில் இணைப்பணியாளராக அமைந்தது, அக்கலையின்மேல் அவர் கொண்ட மதிப்புக்குச் சான்று.

நிறைவுரை

மேற்கூறியவற்றால் சில முடிபுகளைப் பெறலாம். பின்பால் தற்செயலில் பிறந்து, துடுப்புகளால் திறன்விளையாட்டாக உயர்ந்து, பழியால் ஒடுங்கி, ஆடியவர் ஒருவரின் கைத்திறனாலேயே மீண்டும் அரங்கேறியது. இசை அதற்குத் தொன்மத்தை வழங்கியது. தொழில் கைவிட்டபோது சுவைஞர் கைகொடுத்தனர். அச்சுவைஞருள் ஷார்ப், ஸ்லாஷ் போன்றோர் சுவையின் கடனை ஆக்கத்தால் அடைத்தனர்.

பத்தாண்டு நிறைவுறும் நம் இலக்கிய வட்டத்தில் கவிஞர் என்றும் வாசகர் என்றும் நாம் இரு வரிசையாக அமர்வதில்லை. பிறர் கவிதையை உரக்கப் படித்து, அடிகளைப் பிரித்துப் பார்த்து, ஏன் இச்சொல் இவ்விடத்தில் நின்றது என வினவிய பின்னரே நம்முள் பலர் எழுதத் துணிந்தோம். அவ்வினாவைக் கைவிட்டு எழுதுவோர் பெருகினும், எழுதுவதைக் கைவிட்டுப் போற்றுவோர் மட்டுமே எஞ்சினும் வட்டம் தளரும். கலை சிறியதா பெரியதா என்பதை உலகம் முடிவு செய்துகொள்ளட்டும். அதனைத் திறந்து பார்க்கவும், பழுது நீக்கவும், நம் பங்காக ஒன்றைச் சேர்த்து அடுத்தவர் கையில் கொடுக்கவும் நமக்குப் பணி உண்டு. வரும் பத்தாண்டில் அப்பணி தொடர வேண்டும்.